விடுமுறையில் நண்பர்களோடு சுடும் பிஸ்கட்டை ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு அனுப்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: விடுமுறை நாட்களில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி பிஸ்கட் சுடுகிறீர்கள். இந்த ஆண்டு அந்த உழைப்பு ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்துபோன குழந்தைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று விரும்புகிறீர்கள். மாவில் சத்துப் பொருட்களைச் சேர்த்து பிஸ்கட்டாகவே அனுப்புவதா, விற்றுப் பணமாக அனுப்புவதா என்பது கேள்வி. அதற்குள் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது: ஒரு வீட்டு ஓவனிலிருந்து கிளம்பும் உதவி ஒரு குழந்தையையாவது உண்மையில் எட்டுமா? எட்டும், ஆனால் பணமாகப் போனால்தான் எட்டும். குழந்தைகள் ஊட்டச்சத்துத் துறையில் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் அதன் காரணத்தை முதலில் சொல்கிறேன். அடுத்து, விற்கத் தகுந்த பிஸ்கட்டைக் கூட்டமாகச் சேர்ந்து சுடும் முறையைச் சொல்கிறேன். இரண்டில் எது சொதப்பினாலும் நல்ல மனது வீணாகிவிடும்.

வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எடை விகிதம் சர்க்கரை 1, வெண்ணெய் 2, மைதா 3. இப்படிச் சுட்ட பிஸ்கட் 100 கிராமில் சுமார் 530 கிலோகலோரி இருக்கும். கடும் மெலிவுக்கு மருந்தாகத் தரப்படும் நிலக்கடலைப் பசையில் 100 கிராமுக்கு 520 முதல் 550 கிலோகலோரி. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பலர் தவறான முடிவுக்கு வருவது இந்த இடத்தில்தான். பசையின் கலோரியில் 10 முதல் 12 சதவீதம் புரதத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு பால் புரதம். பிஸ்கட்டில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. கோதுமைப் புரதத்தில் வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலமும் போதாது. பசையில் 100 கிராமுக்குப் பொட்டாசியம் 1100 மில்லிகிராமுக்கு மேல், துத்தநாகம் 11 முதல் 14 மில்லிகிராம். பிஸ்கட்டில் பொட்டாசியம் 100 மில்லிகிராம்கூடத் தேறாது, துத்தநாகம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. இந்தத் தாதுக்களில் ஒன்று குறைந்தாலும் உடல் புதுத் தசையைக் கட்டாது. கிடைத்த கலோரியைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். தராசில் எடை கூடியதாகத் தெரியும், குழந்தை தேறியிருக்காது.

கடுமையாக மெலிந்த குழந்தைக்கு இனிப்பும் மாவும் திடீரென்று நிறையக் கிடைப்பது ஆபத்தாகவும் முடியலாம். பல வாரங்கள் அரைவயிற்றில் இருந்த உடல் தன் வேலைகளை எல்லாம் குறைத்துக்கொண்டிருக்கும். அப்போது சர்க்கரை வேகமாக உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும். இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் காய்ச்சல், மந்தநிலை, கடும் வீக்கம் போன்ற சிக்கல் உள்ள குழந்தைக்கு மருத்துவமனையில் முதலில் எஃப்-75 என்ற பாலை, 100 மில்லிக்கு 75 கிலோகலோரி மட்டுமே உள்ளதை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகச் சிறுகத் தருகிறார்கள். உடல் நிலைப்பட்ட பிறகே அடர்த்தியான உணவு. சிக்கல் இல்லாத, பசி எடுக்கிற குழந்தைக்கு வீட்டிலேயே பசையைக் கொடுக்கலாம். அதற்கும் முன்பு ஊழியரின் கண் எதிரில் குழந்தை தானாக விரும்பிச் சாப்பிடுகிறதா என்று பார்க்கும் பசிச் சோதனை உண்டு.

அந்தப் பசையின் வரலாறு சின்னது. பிரெஞ்சு குழந்தைகள் ஊட்டச்சத்து நிபுணர் ஆந்த்ரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் 1996 வாக்கில் உருவாக்கியது அது, பெயர் பிளம்பிநட். அதற்கு முன் சிகிச்சைப் பாலைச் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும், குழந்தையும் தாயும் வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். நிலக்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் தாதுக் கலவை எல்லாம் சேர்ந்த பசையில் தண்ணீரே கிட்டத்தட்ட இல்லை. அதனால் அதில் கிருமி வளராது, சமைக்க வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம். பிரிக்காத பொட்டலம் இரண்டு ஆண்டு தாங்கும். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி. 2007-இல் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உலக உணவுத் திட்டம், ஐ.நா. ஊட்டச்சத்து நிலைக்குழு ஆகியவை கூட்டறிக்கை விட்டு, சிக்கலற்ற குழந்தைகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தருவதை ஏற்றுக்கொண்டன.

“அப்படியானால் அந்தப் பசையையே நாங்கள் அரைத்துவிடலாமே” என்ற யோசனை அடுத்து வரும். வேண்டாம். அதன் துகள்கள் 200 மைக்ரானுக்கும், அதாவது 0.2 மில்லிமீட்டருக்கும், கீழே நொறுங்க வேண்டும், ஈரம் இரண்டரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நச்சை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். வைட்டமின் தாதுக் கலவை ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே அளவில் பரவியிருக்க வேண்டும். வீட்டு மிக்ஸியால் இவற்றில் ஒன்றுகூட முடியாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பொடித்துப் பிஸ்கட் மாவில் கலப்பது இன்னும் மோசமான யோசனை. மாத்திரைத் தூள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் ஒரு சிறு குழந்தைக்கு நச்சாகும் அளவு ஒரே பிஸ்கட்டில் விழலாம். பால்பவுடரைத் தாராளமாகச் சேர்த்தால் உள்ளே வேகும் முன்பே மேலே கருகும். அவசரகால முகாம்களில் பிஸ்கட் கொடுக்கிறார்களே என்றால், உண்மைதான். உலக உணவுத் திட்டம் பேரிடரின் முதல் சில நாட்களில், அடுப்பு மூட்ட வழியில்லாத மக்களுக்குச் சத்தேற்றிய பிஸ்கட் தருகிறது. அது ஆலையில் அளவு பார்த்துச் செய்யப்படுவது, பசியாற்றுவதற்கானது. கடும் மெலிவுக்கு அது சிகிச்சை அல்ல.

பசைச் சிகிச்சையில் எது உறுதி, எது உறுதி குறைவு என்பதையும் பணம் கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், கையின் மேற்பகுதியின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போன, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்குப் பசை பலன் தரும் என்பது உறுதி. ஒழுங்காக நடக்கும் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தேற வேண்டும் என்பது மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்ஃபியர் அளவுகோல். உறுதி குறைவான இடங்களும் உண்டு. தேறி வீடு திரும்பிய குழந்தை மறுபடி மெலியாமல் இருக்குமா என்பது தண்ணீர், வயிற்றுப்போக்கு, குடும்ப வருமானம் என்று பல காரணங்களைப் பொறுத்தது. பசை அவற்றைத் தீர்க்காது. சுற்றளவு 115-க்கும் 125-க்கும் இடையில் இருக்கும் மிதமான மெலிவில் எல்லாக் குழந்தைகளுக்கும் சிறப்பு உணவு வேண்டுமா, ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் போதுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியும் சூழலைப் பார்த்தே முடிவெடுக்கச் சொல்கிறது. உயரம் குன்றிய குழந்தைகளின் கதை வேறு. அது மாதக்கணக்கில், கருவிலிருந்தே கூடத் தொடங்குவது. சில வாரச் சிகிச்சையில் சரியாவதல்ல.

உங்கள் ஓவனின் எல்லையை இப்போது பார்க்கலாம். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 185 கிலோகலோரி என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரைப் பசைப் பொட்டலம். எட்டு வாரத்துக்கு 140 வரை. ஒரு பெட்டியில் 150 பொட்டலம் வருகிறது. ஆக, ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கு ஒரு பெட்டி என்பது நியாயமான கணக்கு. யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றின் கூட்டு மதிப்பீட்டின்படி 2022-இல் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிக் குழந்தைகள் மெலிந்திருந்தார்கள், அவர்களில் 1.36 கோடிப் பேர் கடுமையாக. இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். நண்பர் குழுவின் இலக்கு ஒரு பெட்டி, முடிந்தால் இரண்டு. பெட்டியின் இன்றைய விலையை நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம் கேளுங்கள். பொருள் விலையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் ஊழியர் செலவும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். சேராத விலையைச் சொல்லிப் பணம் திரட்டினால் வாங்குபவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு பாதியில் நிற்கும்.

இனி அடுப்படி. கூட்டமாகச் சுடும்போது ஒரே வகை பிஸ்கட் போதும். நான்கைந்து வகை வேண்டும் என்று தொடங்கும் குழுக்கள் மாலைக்குள் களைத்துப்போகும். முட்டையும் பேக்கிங் பவுடரும் இல்லாத வெண்ணெய் பிஸ்கட்டைப் பரிந்துரைக்கிறேன். கெட்டுப்போக அதில் வழிகள் குறைவு, இரண்டு வாரம் தாங்கும். மொத்த அளவு: பொடித்த சர்க்கரை 600 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 1.2 கிலோ, மைதா 1.8 கிலோ, உப்பு 12 கிராம். இதை ஒரே பாத்திரத்தில் பிசைய முயலாதீர்கள். அடியில் வெண்ணெய்த் திட்டும் மேலே உலர்ந்த மாவும் நிற்கும். அதைச் சரிசெய்ய மேலும் பிசைந்தால் மாவு இறுகி பிஸ்கட் கடினமாகும். மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சர்க்கரை 200, வெண்ணெய் 400, மைதா 600, உப்பு 4 கிராம் என்று செய்யுங்கள். எல்லாவற்றையும் தராசில்தான் அளக்க வேண்டும். ஒருவர் அள்ளும் ஒரு கப் மைதா 120 கிராம் என்றால் இன்னொருவர் அமுக்கி அள்ளுவது 150 கிராம். பல கைகள் வேலை செய்யும் இடத்தில் பிஸ்கட் தட்டுக்குத் தட்டு மாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும், ஆனால் பளபளக்காத பதத்தில் இருக்க வேண்டும். ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி. உருகும் நிலைக்குப் போன வெண்ணெயைப் பயன்படுத்தினால் பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சீராகும் வரை மட்டும் குழையுங்கள், இரண்டு நிமிடம் போதும். நுரைக்க நுரைக்க அடித்தால் காற்று ஏறி, ஓவனில் உப்பி, பிறகு அமுங்கிப் பரவும். மைதா சேர்த்ததும் உலர் மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். ஒரு பங்கு மாவு 1.2 கிலோ இருக்கும். அதை 300 கிராம் வீதம் நான்காக எடைபோட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, நாலரை சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாக உருட்டுங்கள். ஒவ்வொன்றும் 16 சென்டிமீட்டர் நீளம் வரும். குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம். பிறகு எட்டு மில்லிமீட்டர் தடிமனில் வெட்டினால் உருளைக்கு 20 துண்டு, ஒரு தட்டுக்கு ஒரு உருளை. மொத்தம் 12 உருளை, 12 தட்டு, 240 பிஸ்கட். அச்சில் வெட்டுவது அழகுதான். ஆனால் மிச்ச மாவை மீண்டும் மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும், கடைசித் தட்டு முதல் தட்டைவிடக் கெட்டியாகிவிடும். விற்பனைக்குத் தடிமன் ஒன்றாக இருப்பது முக்கியம். மெல்லியது கருகும்போது தடித்தது வெந்திருக்காது.

ஓவனில் 165 டிகிரி, காற்றாடி ஓடும் வகையானால் 150. பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். ஓரம் இளம்பொன் நிறமாகி, நடு இன்னும் வெளிறியிருக்கும்போது எடுத்துவிடுங்கள். சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். வீட்டு ஓவனின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பத்து இருபது டிகிரி பிசகுவது சாதாரணம். உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வையுங்கள். முழுத் தட்டை வைக்கும் முன் இரண்டு பிஸ்கட்டை மட்டும் சுட்டுப் பாருங்கள். பரந்தால் உருளைகளை இன்னும் குளிரவிட வேண்டும், விண்டு உதிர்ந்தால் அடுத்த பங்கில் மைதாவை 20 கிராம் குறைக்க வேண்டும். இரண்டு தட்டு ஒன்றாக வைத்தால் பாதி நேரத்தில் மேல் கீழாக மாற்றுங்கள். கையில் நான்கு தட்டாவது வேண்டும். சூடான தட்டில் அடுத்த மாவை வைத்தால் ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் உருகி வடிவம் போய்விடும். இந்தக் கணக்கில் ஆறு சுற்று, சுற்றுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல், ஆக ஓவன் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும்.

அதனால் ஆட்களைப் பிரிக்கும்போது ஓவனை நடுவில் வைத்து யோசியுங்கள். எட்டுப் பேர் இருந்தாலும் அதன் வேகத்துக்கு மேல் வேலை ஓடாது. இருவர் எடைபோட்டுப் பிசைய, இருவர் உருட்டி வெட்ட, ஒருவர் கடிகாரத்தோடு ஓவனை மட்டும் பார்க்க, இருவர் ஆறவைத்துக் கட்ட, ஒருவர் பாத்திரம் கழுவ. ஓவனுக்கு முன்னால் ஆள் மாறக் கூடாது. அந்தப் பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் தட்டு கருகும். முந்தின நாளே உருளைகளை உருட்டி வைத்துவிட்டால் அன்றைய நாள் நிதானமாக நகரும். நன்றாகச் சுற்றிய உருளை உறைநிலையில் ஒரு மாதம் தாங்கும். வெளியே பத்து நிமிடம் வைத்து வெட்டலாம். குழந்தைகள் கூட இருந்தால் பச்சை மாவைச் சுவைக்க விடாதீர்கள். முட்டை இல்லை என்றாலும் வேகாத மைதாவில் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு.

பிஸ்கட் தட்டிலேயே ஐந்து நிமிடம் இறுகட்டும், பிறகு கம்பிவலையில் ஒரு மணி நேரம். கையில் துளிச் சூடு தெரிந்தாலும் கட்டாதீர்கள். உள்ளே ஆவி படிந்து அடுத்த நாளே நமத்துப்போகும். வெந்த பிஸ்கட் ஒன்று 13 கிராமுக்கு மேல் இருக்கும், பத்து போட்ட பொட்டலம் 130 கிராம் தாண்டும். மொத்தம் 24 பொட்டலம். உடைந்ததைக் கழித்து 22 என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் சேர்ந்த பொருட்கள், சுட்ட தேதி, கோதுமையும் பாலும் உள்ளது என்ற எச்சரிக்கை இருக்கட்டும். அதே சமையலறையில் கடலை வகைகள் புழங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் செய்த உணவை விற்பதற்கான விதி இடத்துக்கு இடம் வேறு. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் விலை வைத்து விற்பதற்கு அனுமதி வேண்டும். நன்கொடை வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கும் விதி இருக்கலாம்.

பொருட்செலவை நண்பர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, விற்ற தொகை முழுவதையும் அனுப்புவது நல்லது. அப்போது “நீங்கள் தருவது அத்தனையும் போகிறது” என்று நேர்மையாகச் சொல்லலாம். முடியாவிட்டால் செலவைக் கழித்த மீதிதான் போகும் என்பதைப் பொட்டலத்திலேயே எழுதுங்கள். ஒரு பெட்டிக்கான தொகை 22 பொட்டலத்தில் வந்துவிடாது என்று தெரிந்தால், விலையை ஏற்றுவதைவிட இரண்டாவது நாள் ஒன்றைத் திட்டமிடுவேன். அல்லது வாங்குபவர்களிடம் முன்பதிவு வாங்கி, எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் சுடுவேன். முன்பதிவு இல்லாமல் சுடும் குழுவிடம் கடைசியில் மிஞ்சுவது பணத்தைவிட பிஸ்கட்டாகவே இருக்கும்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி போதும். தணிக்கை செய்த ஆண்டறிக்கையை வெளியிடுகிறார்களா? குழந்தைகளைத் தேடிப்போய்க் கை அளவு நாடாவால் அளந்து கண்டறிகிறார்களா, அல்லது உணவுப் பொட்டலம் மட்டும் பகிர்கிறார்களா? சிகிச்சையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று சொல்கிறார்களா? மூன்றாவதற்கு நேரான பதில் தரும் அமைப்பு தன் வேலையைக் கவனித்துச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பணத்தை “பசைக்கு மட்டும்” என்று கட்டிப்போடாமல் “கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுச் சிகிச்சைக்கு” என்று எழுதிக் கொடுங்கள். பெட்டிகள் கிடங்கில் இருந்தும், அளந்து பார்க்க ஊழியர் இல்லாததால் குழந்தை கண்ணில் படாமல் போவது நடக்கிற விஷயம். உங்கள் பெட்டி எந்தக் குழந்தைக்குப் போனது என்று கேட்காதீர்கள். பொறுப்பான அமைப்பு அதைச் சொல்லாது, நோயுற்ற குழந்தையின் படத்தையும் தராது.

உங்கள் அருகிலேயே மெலிந்த குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால், பொட்டலத்தோடு போகாமல் சுகாதார ஊழியரிடம் போங்கள். கால்களில் அழுத்தினால் குழி விழும் வீக்கம், சாப்பிட மறுப்பது, சோர்ந்து கிடப்பது ஆகியவை அன்றே மருத்துவமனை போக வேண்டிய அறிகுறிகள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அந்த வயதுக் குழந்தைக்கு எந்தப் பிஸ்கட்டும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் இருப்பவருக்கும் சர்க்கரை சேர்த்தது வயிற்றில் முட்டை, பருப்பு, பால், காய் ஆகியவற்றுக்கு இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடும். விற்றது போக மிஞ்சிய பிஸ்கட்டைக் குழந்தைகள் காப்பகம் எதற்காவது கொடுக்க நினைத்தால், சமையல் பொறுப்பாளரிடம் முன்பே வயதையும் ஒவ்வாமையையும் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒன்று என்ற அளவில் கொடுங்கள். மீதி உங்கள் எட்டுப் பேருக்கும் அன்றைய தேநீரோடு.